வீல்சேர் ஊஞ்சல் வாங்கலாமா? முதலில் தரையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி, பிப்ரவரி 8, 2025

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் நகர்ப் பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். குடியிருப்போர் சங்கத்தின் பங்காக ஒரு வீல்சேர் ஊஞ்சல் வாங்கிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். குழந்தை சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறி ஆடலாம், வீடியோவில் பார்த்தோம். அதை வைத்துவிட்டால் எங்கள் பூங்கா எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாகிவிடும் என்பது என் கருத்து. நல்ல பட்டறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

முத்தியால்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிக் கைப்பிடி, பள்ளிக்கூடங்களுக்கு ஊஞ்சல், சறுக்கு மரம் எல்லாம் செய்கிறோம். நீங்கள் கேட்கிற ஊஞ்சலையும் செய்ய முடியும். ஆனால் ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தெரிந்த வீட்டில் ஒரு வீல்சேர் இரவல் வாங்கி, அதில் ஒருவரை உட்கார வைத்து, பூங்காவுக்கு வெளியே ரோட்டிலிருந்து ஊஞ்சல் வரப்போகிற இடம் வரை தள்ளிக்கொண்டு போங்கள். நடுவில் எங்கேயும் தூக்கக் கூடாது.

என் அக்கா மகனுக்குப் பெருமூளை வாதம். ஒன்பது வயது. கழுத்து நின்றுவிட்டது, வலது கை நன்றாக வேலை செய்யும், கால் ஊன்ற முடியாது. அவனை அழைத்துக்கொண்டு நாங்கள் போன பூங்காக்களில், ஏற்ற சாமான் இல்லை என்று திரும்பியது குறைவு. சாமான் வரைக்கும் போகவே முடியாமல் திரும்பியதுதான் அதிகம். வாசலில் பைக் நுழையாமல் இருக்க இரும்புக் குழாயை வளைத்து நட்டு வைத்திருப்பார்கள், ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். அதைத் தாண்டித் தூக்கிப் போனால் நடைபாதைக்கு ஓர் அடி உயர விளிம்பு. அதையும் தாண்டினால் மணல்.

மணலில் வீல்சேரின் முன்சக்கரம் புதைந்துவிடும். தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் போகும். திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகலாம், அதுவும் கொஞ்ச தூரம்தான். அதற்குள் பையனுக்கு முகம் மாறிவிடும், ஏனென்றால் எல்லாரும் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 10

"மணல்தானே பாதுகாப்பு? விழுந்தால் அடிபடாதே" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் அடியில் மெத்தென்று ஏதாவது கட்டாயம் இருக்க வேண்டும். அதற்காக மைதானம் முழுக்க மணல் கொட்டுவதில்தான் எனக்கு வருத்தம். விழக்கூடிய இடத்தில் மட்டும் மணலைக் குழி கட்டி நிரப்பலாம். மீதி இடத்தில், வாசலிலிருந்து ஒவ்வொரு சாமானின் பக்கத்துக்கும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் கெட்டியான பாதை போதும்.

இன்டர்லாக் கல் பதிக்கலாம். செம்மண் சரளையை நன்றாகத் திம்ஸு போட்டு இறுக்கி, மேலே சிமென்ட் கலவை விட்டாலும் சரிதான். கல் பதிப்பதென்றால் அடிமண்ணை இறுக்காமல் பதிக்க விடாதீர்கள். ஒரு ஐப்பசி மழை பெய்தால் ஒரு கல் இறங்கும், பக்கத்துக் கல் தூக்கும். நடக்கிறவனுக்கு அது ஒன்றுமே இல்லை. வீல்சேரில் வருகிற குழந்தையை அந்த அரை அங்குலம் முன்னால் தள்ளிவிடும்.

ரப்பர் தரை நல்லதுதான், ஆனால் விலை. அதோடு வெயில் விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத் தனியாக எழுத வேண்டும்.

பிப்ரவரி 12

அளவு கேட்டவருக்கு: நம் நாட்டு அணுகல் வழிகாட்டு நெறிகளில் சாய்தளத்துக்கு 1:12. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். அமெரிக்காவில் விளையாட்டிடத்துத் தரைப் பாதைக்கு 1:16 வரைதான் அனுமதி, அகலம் 60 அங்குலம். அங்கே புதிதாகக் கட்டும் விளையாட்டிடங்களுக்கு 2012 மார்ச்சிலிருந்து இது கட்டாயம். நான் 1:16 பக்கம்தான் நிற்பேன். தள்ளிக்கொண்டு வருவது எப்போதும் வாட்டசாட்டமான அப்பா இல்லை. பாதி நேரம் பாட்டிதான் வருவார்.

பிப்ரவரி 16

இப்போது ஊஞ்சலைப் பற்றி. அடியில் தகட்டு மேடை, ஏறுவதற்கு மடக்குச் சாய்தளம், நாற்காலியைக் கட்டப் பட்டை, நாலு பக்கமும் கம்பி. மேடை, சங்கிலி, நாற்காலி, குழந்தை எல்லாம் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். அது ஆடிக்கொண்டு இருக்கும்போது குறுக்கே ஓடுகிற வாண்டுவின் மண்டையில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் வேலி போட்டே ஆக வேண்டும். வேலி போட்டால் கதவு, கதவு என்றால் பூட்டு, பூட்டு என்றால் சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருப்பார்.

ஆஸ்திரேலியாவில் லிபர்ட்டி ஸ்விங் என்ற வீல்சேர் ஊஞ்சலைப் பல பூங்காக்களில் வைத்தார்கள். அங்கேயும் வேலி, பூட்டு. மாற்றுத்திறனாளிகளுக்கென்று கொடுக்கப்படும் தனிச் சாவி இருந்தால்தான் திறக்கும். நினைத்த நேரத்தில் போய் ஆட முடியாத ஊஞ்சலைக் குழந்தை எப்படி ஊஞ்சல் என்று நினைக்கும்?

இன்னொன்று. வேலிக்குள் என் மருமகன் தனியாக ஆடுவான், வெளியே பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அவன் கேட்டது அது இல்லை. மற்றப் பிள்ளைகளோடு சண்டை போட்டு, முறை வாங்கி, ஆட வேண்டும் என்றுதான் கேட்கிறான்.

என் யோசனை கூடை ஊஞ்சல். பெரிய வட்டக் கூடை மாதிரி கயிறு பின்னியிருக்கும், மூன்று நான்கு பிள்ளைகள் ஒன்றாகப் படுத்துக்கொண்டு ஆடலாம். உட்கார முடியாத குழந்தையும் அதில் படுக்கலாம். பக்கத்தில் தங்கையும் படுக்கலாம். அது யாருக்கும் தனிச் சாமானாகத் தெரியாது.

பிப்ரவரி 18

வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா எழுதியதை எல்லாரும் படியுங்கள். அவர் மகனுக்கு 14 வயது, தசைச் சிதைவு நோய். எடை 45 கிலோ. "கூடை ஊஞ்சலில் அவனைத் தூக்கிப் போட யார் வருவார்கள் தம்பி? எனக்கு முதுகு போய்விட்டது. அவன் ஏழு வயதுக்கு அப்புறம் ஊஞ்சல் ஆடவே இல்லை" என்கிறார்.

இதைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் மருமகனைத் தூக்க நான் இருக்கிறேன், அவன் இருபது கிலோ. இந்த நோய் வந்த பையன்களுக்கு வயது ஏற ஏற பலம் குறையும், எடை கூடும். கொஞ்ச நாளில் கூடை ஊஞ்சல் அவர்களுக்கு எட்டாது. நாற்காலியோடு ஏறுகிற மேடை மட்டும்தான் எட்டும். ஆகவே வீல்சேர் ஊஞ்சல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையன் ஆட வேண்டும். பூட்டும் தனிமையும் இல்லாமல் அதை எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி.

பிப்ரவரி 18, பிறகு

படுத்தும் தூக்கம் வரவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். தரையோடு தரையாக இருக்கும் சுற்று ராட்டினம்! நாம் பள்ளிக்கூடத்தில் ஓடிப் பிடித்து ஏறுவோமே அதேதான். தட்டு மட்டும் தரை மட்டத்துக்கு இறங்கியிருக்கும். வீல்சேரை நேராக உருட்டி உள்ளே கொண்டு போய்ப் பிரேக் போட்டுப் பட்டை மாட்டலாம். சுற்றி மற்றப் பிள்ளைகள் உட்காருவார்கள், இரண்டு பேர் வெளியே நின்று தள்ளுவார்கள். 45 கிலோ பையனும் ஏறலாம், யாரும் தூக்க வேண்டாம். கனமான மேடை முன்னும் பின்னும் வீசி வராது. தட்டுக்கும் தரைக்கும் நடுவில் விரலோ காலோ மாட்டாத அளவுக்கு இடைவெளியைக் குறுக்கிவிட்டால் வேலி தேவைப்படாது.

மார்ச் 2

ராட்டினம் பற்றித் தனிச் செய்தியில் நிறையக் கேள்வி. பட்டறைக்காரன் என்ற முறையில் பதில்.

தரைக்குக் கீழே அச்சும் பேரிங்கும் உட்காரும் குழி இருக்கும். நம் ஊரில் அந்தக் குழி கிணறாகிவிடும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் ராத்திரி நினைவிருக்கிறதல்லவா, வீட்டுக் கட்டில் வரை தண்ணீர் வந்த தெருக்கள் உண்டு. ஆகவே குழியின் அடியிலிருந்து வெளியே வடிகால் குழாய் வைக்காமல் ராட்டினம் வைக்காதீர்கள். கோரிமேடு, லாஸ்பேட்டை மேட்டுப் பகுதியில் சரிவு கிடைக்கும், வடிகால் சுலபம். கடலோரத் தாழ்வான தெருக்களில் மேலே தட்டு போட்டு, சுற்றிலும் தரையை மெல்ல உயர்த்திக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது துரு. நம் கடல்காற்றுக்குச் சாதா இரும்பு நிற்காது. பெயின்ட் மட்டும் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலை குறைவு என்று மயங்க வேண்டாம். வெல்டிங் எல்லாம் முடிந்தபிறகு முழுசாக உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கால்வனைசிங் கேளுங்கள். முதலிலேயே கால்வனைஸ் செய்த குழாயை வாங்கி வெல்டிங் அடித்தால், அடித்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேயே ஆரம்பிக்கும். எவர்சில்வர் போடுவதானால் 304 என்ற ரகம் கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். கை படும் இடங்களுக்கும் சங்கிலிக்கும் 316 போடுங்கள், அதில் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும்.

துரு எப்போதும் குழாய் காங்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில்தான் தின்னும். அங்கே தண்ணீர் தேங்காமல் காங்கிரீட்டைச் சரிவாகப் பூசச் சொல்லுங்கள். ஊஞ்சல் கால் முறிந்தது என்று கேள்விப்பட்டால் அந்த இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் போயிருக்கும். காலை ஊன்றிக் குதித்துத் தப்பிக்க முடியாத குழந்தை அதில் உட்கார்ந்திருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மார்ச் 14

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போயிருந்தோம். கூட்டத்தில் கையால் சுற்றும் சின்ன ராட்டினம் ஒன்று. மருமகன் கையைக் காட்டினான். நான் தயங்கினேன். ராட்டினக்காரர் ஐம்பது வயதுக்கு மேல் இருப்பார். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரே கேள்வி கேட்டார்: "எந்தப் பக்கம் சாய்வான்?"

இடது பக்கம் என்றேன். இடது பக்கம் இன்னொரு பெரிய பிள்ளையை உட்கார வைத்தார், தன் துண்டை எடுத்து இடுப்போடு கட்டினார், மெதுவாக ஆரம்பித்தார். பையன் சிரித்த சிரிப்பை எழுதத் தெரியவில்லை.

"இந்தக் குழந்தைக்கு என்ன நோய்", "பாவம்", "எங்கே காட்டுகிறீர்கள்", எல்லாம் கேட்டிருக்கிறோம். இதை யாரும் கேட்டதில்லை. பூங்கா திட்டம் போடுகிறவர்கள், எஞ்சினியர்கள், நன்கொடை தருகிறவர்கள் எல்லாரும் அந்த மனிதரிடம் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

மார்ச் 20

சறுக்கு மரத்தை மறந்துவிட்டீர்கள் என்று ஒரு பிசியோ அம்மா எழுதியிருக்கிறார். மறக்கவில்லை, அதில் கணக்கு இடிக்கிறது. ஒன்றரை மீட்டர் உயரச் சறுக்குக்கு 1:12 சாய்தளம் கட்டினால் 18 மீட்டர். நடுவில் நின்று மூச்சு வாங்க மட்டமான இடம் வேறு. நம் பூங்காக்களின் அகலமே பல இடத்தில் அவ்வளவு இராது.

மண்மேடு அமைத்து, மேட்டின் மேலேயே சறுக்கைப் படுக்க வைப்பது மலிவு. மேட்டைச் சுற்றி வளைந்து ஏறும் பாதை போதும். உயரத்திலிருந்து விழும் பயமும் குறையும், ஏனென்றால் இரண்டு பக்கமும் மண். எல்லாக் குழந்தைகளும் அந்த மேட்டில் உருண்டு விளையாடும்.

ஆனால் ஒன்று யாருக்கும் தோன்றுவதில்லை. குழந்தை சறுக்கிக் கீழே வந்துவிட்டது, வீல்சேர் மேலே நிற்கிறது. இப்போது? அக்கா வீட்டில் ஒரு பலகையில் இதை ஒத்திகை பார்த்தபோது, நாற்காலியைக் கீழே கொண்டு வருவது யார் என்று பிள்ளைகளுக்குள் அடிதடி. கடைசியில் அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. பூங்காவில் தெரியாத பிள்ளைகள் அப்படிச் செய்யும் என்று எண்ணித் திட்டம் போட முடியாது. கீழே 28 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு திண்ணை கட்டினால் நாற்காலி வரும் வரை உட்காரலாம். கை பலம் உள்ள குழந்தை அந்த உயரத்திலிருந்து தானே நாற்காலிக்கு மாறிக்கொள்ளும்.

காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து பொருத்தும் கேட்கும் கருவி) வைத்த குழந்தைகளின் பெற்றோர்களுக்கு ஒரு குறிப்பு. பிளாஸ்டிக் சறுக்கில் உரசும்போது நிலைமின்சாரம் உண்டாகும், அது வெளியே மாட்டியிருக்கும் கருவியைப் பாதிக்கலாம் என்பதால், சறுக்குவதற்கு முன் கழற்றி வைக்கச் சொல்வார்கள். புதுக் கருவிகள் பரவாயில்லை, ஆனாலும் உங்கள் ஆடியாலஜிஸ்ட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். உலோகச் சறுக்கில் இந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை இருக்கிறது, வெயில்.

ஏப்ரல் 6

இன்று விளையாட்டுச் சாமான் இல்லாத ஒரு விளையாட்டிடத்தைப் பற்றி.

நம் கடற்கரைச் சாலை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்குத் தடை. காந்தி சிலையிலிருந்து தெற்கே டூப்ளே சிலை வரை பள்ளம் மேடு இல்லாத அகலமான தரை. மருமகன் அங்கே தன் கையால் சக்கரத்தை உருட்டுவான். வலது கைதான் பலம், அதனால் வட்டமாகத்தான் போகும், அந்த வட்டத்துக்குள் பந்தை உதைப்பவர்கள், பலூன்காரர், சைக்கிள் பழகும் பிள்ளைகள். ஒரு நாள் தெரியாத பிள்ளைகள் வந்து, "அண்ணா, நாங்க இவரைத் தள்ளிட்டு ஓடலாமா" என்று என்னிடம் கேட்டன. அவனிடமே கேளுங்கள் என்றேன். ஓடின. எனக்கு அடிவயிறு கலங்கியது. அவனோ இன்னும் வேகம் வேண்டும் என்று கத்தினான்.

பூங்காவில் கிடைக்காதது அங்கே ஏன் கிடைக்கிறது என்று யோசித்தேன். வாசல் கிடையாது. தரை கெட்டி. வண்டி இல்லை. ஊரே அங்கே இருக்கிறது. ஒரு ரூபாய்க்கு விளையாட்டுச் சாமான் இல்லை. ஊஞ்சலுக்கு முன் தரை என்று முதல் நாளிலிருந்து நான் சொல்லிக்கொண்டு வருவதற்கு இதைவிட வேறு ஆதாரம் எனக்குத் தேவையில்லை.

கடலூர் நண்பர் ஒருவர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சைப் பற்றிக் கேட்டார். அகலமான மணல், வீல்சேருக்குப் பெரும்பாடு. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடல் அருகே போக மரப்பாதை திறந்தார்கள், வீல்சேரில் வந்தவர்கள் அலையைக் கிட்டத்தில் பார்த்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் ஒரு பகுதி சேதமாகி, அப்புறம் சரிசெய்தார்கள். தானே புயல் 2011இல் கரையைக் கடந்தது நமக்கும் கடலூருக்கும் நடுவில்தான். ஆகவே நம் கரையில் எதைச் செய்தாலும் கழற்றி எடுத்து வைக்கிற மாதிரி, துண்டு துண்டாகச் செய்ய வேண்டும். நிரந்தரம் என்று கட்டினால் கார்த்திகை மாதம் பதில் சொல்லும்.

ஏப்ரல் 21

வெயில். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், இப்போது வெயிலே நினைவுபடுத்துகிறது.

கறுப்பு ரப்பர் தரையும் உலோகச் சறுக்கும் மதியத்தில் சுடும். சாதாரணக் குழந்தை "ஆ" என்று எழுந்துவிடும். ஸ்பைனா பிஃபிடா என்று முதுகுத்தண்டுக் குறையோடு பிறக்கும் குழந்தைகள் பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. சூடு தெரியாது. தொடை வெந்துபோயிருப்பதை வீட்டுக்கு வந்து உடை மாற்றும்போதுதான் அம்மா பார்ப்பார். தவழ்ந்தே விளையாடும் குழந்தைக்கு உள்ளங்கையும் முட்டியும் நாள் முழுக்கத் தரையிலேயே இருக்கும். நிழல் இல்லாத விளையாட்டிடம் இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து.

தகரக் கூரை வேண்டாம், சத்தம் எதிரொலிக்கும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். மரம் நடுங்கள். கடலோரத்துக்குப் பூவரசு உப்பைத் தாங்கும். உள்ளே தள்ளியிருந்தால் புங்கை, அடர்ந்த நிழல். மரம் வளரும் வரை துணிப் பந்தல், வெளிர் நிற ரப்பர். சறுக்கை மேற்குப் பார்க்காமல் வைத்தால் பிற்பகல் சூடு கொஞ்சம் குறையும், இதற்குக் காசே இல்லை.

மே 4

சட்டம் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 16ஆம் பிரிவு: பள்ளிகள் கல்வியோடு விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு தர வேண்டும். அணுகல் தரநிலைகளுக்கு 40ஆம் பிரிவு. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் விளையாட மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக வழி இருக்க வேண்டும் என்று நேராகவே சொல்கிறது. இந்தியா அதை 2007இல் ஏற்றது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கு முரண், கட்டாய விதிகள் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மனுவில் இதை எழுதுங்கள்.

யாரிடம் கொடுப்பது? கடலூர்க்காரர்களுக்கு வார்டு கவுன்சிலர் இருக்கிறார், 2021இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. நம் புதுச்சேரியில் 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. தெரு விளக்குக்கும் எம்.எல்.ஏ., பூங்காவுக்கும் எம்.எல்.ஏ. ஆகவே நகராட்சி ஆணையர், எம்.எல்.ஏ., மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையர் மூவருக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள்.

ஓர் அலுவலகத்தில் என் அக்காவிடம், "இந்த ஏரியாவில் இப்படிப் பிள்ளைங்க எத்தனை பேர் வராங்க? பூங்காவில் நாங்க பார்த்ததே இல்லையே" என்றார்கள். நுழையவே முடியாத இடத்தில் எப்படிப் பார்ப்பார்கள்? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. அதுவும் பழைய சட்டத்தின் காலத்துக் கணக்கு. இப்போதைய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

மே 5

நேற்று கோபத்தோடு முடித்துவிட்டேன், இன்று நல்லதாக இரண்டு.

பெங்களூரில் கிலிகிலி என்று பெற்றோர் சேர்ந்து ஆரம்பித்த அமைப்பு, மாநகராட்சியோடு சேர்ந்து கோல்ஸ் பூங்காவை எல்லாக் குழந்தைகளுக்குமான விளையாட்டிடமாக மாற்றியது. ஏற்கெனவே இருந்த பூங்காவுக்குள்ளேயே செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம்.

அமெரிக்காவில் சான் அன்டோனியோ ஊரில் மார்கன்ஸ் வொண்டர்லேண்ட், 2010இல் திறந்தது. கார்டன் ஹார்ட்மன் என்ற தொழிலதிபரின் மகள் மார்கன், நீச்சல் குளத்தில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடப் போனாள். அவளிடம் எப்படிப் பழகுவது என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகள் விலகிப் போய்விட்டார்கள். அதிலிருந்து தொடங்கியது அந்தப் பூங்கா. மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை, மற்றவர்களும் வரலாம், வருகிறார்கள். எவ்வளவு பெரிய பூங்கா கட்டினாலும் அந்த அப்பாவுக்கு வேண்டியிருந்தது கூட விளையாட நாலு பிள்ளைகள்.

மே 18

ஆட்டிசம் உள்ள மகளின் அம்மா ஒருவர், "எல்லாரும் வீல்சேரையே பேசுகிறீர்கள், என் பெண் நன்றாக ஓடுவாள், அதுதான் பிரச்சினையே" என்று எழுதினார். அவர் சொன்னதை அப்படியே பதிகிறேன், இதில் எனக்கு அனுபவம் குறைவு. பூங்காவின் வெளிவேலி இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும், அவள் ரோட்டுக்கு ஓடிவிடுவாள். ஊஞ்சல் அவளை அமைதியாக்கும், ஆனால் வரிசையில் நிற்க முடியாது. ஆகவே ஒரே ஒரு ஊஞ்சல் வைக்காதீர்கள். சத்தம் தாங்காமல் போனால் ஒதுங்க ஒரு மூலை வேண்டும், மறைவாகவும் அம்மா கண்ணுக்குத் தெரிகிற மாதிரியும். கேட்டுக்கு ஒட்டி ஐஸ் வண்டி பாட்டுப் போட்டு நின்றால் உள்ளேயே வர மாட்டாள்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் பிடித்தது. உட்கார்ந்து விளையாட மேசை. மேலே பல்லாங்குழி வெட்டிய கல், பக்கத்தில் தாயக் கட்டம். அடியில் வீல்சேரில் உட்காரும் பிள்ளையின் முட்டி நுழைய 60, 70 சென்டிமீட்டர் உயரம் விட்டால் போதும். குழிகளைத் தடவிப் பார்த்துக் கண் தெரியாத பிள்ளையும் ஆடும். தாத்தாக்களும் வந்து உட்காருவார்கள்.

ஜூன் 8

லாஸ்பேட்டைச் சங்கத்தினர் நேற்று பட்டறைக்கு வந்தார்கள். வீல்சேரைத் தள்ளிப் பார்த்தார்களாம். வாசலையே தாண்ட முடியவில்லை. சங்கத் தலைவரை உட்கார வைத்துத் தள்ளியிருக்கிறார்கள், அது உதவியது.

பணத்தைப் பிரித்துக்கொள்ள முடிவு. முதலில் வாசலும் பாதையும், இரண்டாவது கூடை ஊஞ்சல், நகராட்சியிடம் கேட்பது தரைமட்ட ராட்டினம். ஒரு பெரியவர் மட்டும், "பாதைக்குக் கொடுத்தால் நன்கொடையாளர் பெயர் எங்கே போடுவது" என்றார். உண்மையான சிக்கல் அது. ஊஞ்சலுக்குப் பெயர்ப் பலகை வைக்கிறார்கள், திறப்பு விழா நடக்கிறது, படம் வருகிறது. தரைக்கு ஒன்றும் இல்லை. பாதையின் இரு ஓரமும் கல்லில் பெயர் பொறிக்கலாம் என்றேன், எழுத்துப் பள்ளத்தில் சக்கரம் மாட்டாதபடி ஓரமாக. ஒத்துக்கொண்டார்.

வாசலுக்கு நான் வரைந்து கொடுத்ததைக் கேட்டவர்களுக்காக: பைக்கும் வீல்சேரும் ஏறக்குறைய ஒரே அகலம், ஆகவே கம்பத்தை நெருக்கி நட்டால் இரண்டும் நுழையாது, தள்ளி நட்டால் இரண்டும் நுழையும். வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது. எக்ஸ்.எல். வண்டி ஏறக்குறைய இரண்டு மீட்டர், வீல்சேர் ஒன்றேகால் மீட்டருக்குள். வாசலில் ஒரு கூண்டு கட்டி, அதற்குள் வீல்சேர் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் விட்டு, நடுவில் ஆடும் கதவு வைத்தால் வீல்சேர் திரும்பிப் போய்விடும், பைக் மாட்டிக்கொள்ளும். கதவின் அடிப்பக்கம் கால்மிதி படும் இடத்தில் தகடு அடியுங்கள், தாழ்ப்பாள் வேண்டாம், தானே சாத்திக்கொள்ளும் கீல் போதும். வெளியே ஓடிவிடும் பிள்ளைக்கும் அது தடுப்பு.

தள்ளுகிறவரும் சேர்ந்து திரும்ப ஒன்றரை மீட்டர் போதுமா என்று வில்லியனூர் அக்கா கேட்டிருக்கிறார். அவர் மகனின் நாற்காலி பெரியது, பின்னால் சாய்வது. அந்த நாற்காலியின் நீளம், கால்மிதியை நீட்டினால் எவ்வளவு, மடக்கினால் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள் அக்கா. கூண்டைப் பற்ற வைக்கும் முன் அந்த அளவுக்கு வைத்துக்கொள்கிறேன். கடலூரிலிருந்து மஞ்சக்குப்பம் பக்கம் யாராவது வாசல் அளவு எடுத்தால் உள் அகலம், முன்னால் இருக்கும் படியின் உயரம் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.